இயல்பு அளவு

பதினேழு என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் மூன்று பேர் எழுந்தார்கள், ஒரு நோயாளிக்கு இரண்டு துணை, பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல ஒருவர் காலரை இன்னொருவர் சரிசெய்துகொண்டு. தெய்வசிகாமணி தன் கையிலிருந்த பிளாஸ்டிக் வில்லையைத் திருப்பிப் பார்த்தார், இருபத்திரண்டு, இதற்கு முன்னால் இதைப் பிடித்திருந்தவர்கள் தேய்த்துத் தேய்த்து விளிம்பை வழவழப்பாக்கியிருந்தார்கள், எத்தனை பேருடைய வியர்வை, எத்தனை பேருடைய அசட்டுப் பயம். தில்லைநகரின் ஒரு குறுக்குத் தெருவில் இவ்வளவு பேருக்குக் கழுத்தில் கோளாறு இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சுவரில் ஒரு பெண்ணின் கழுத்துப் படம், அதற்குள் நீல நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. தைராய்டு சுரப்பி பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கிறதாம், அதனால் நிஜப் பட்டாம்பூச்சியையே மீசையும் காலுமாக வரைந்து தொண்டைக்குள் அடைத்துவிட்டார்கள். இவர்கள் நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்தால் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ஆட்டின் சீட்டை எடுத்து மாட்டியிருப்பார்கள். எதிர் வரிசையில் ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் தன் டி.எஸ்.எச். பன்னிரண்டு என்றார். பக்கத்திலிருந்தவர் என் சம்சாரத்துக்குப் பதினெட்டு என்றார், பையன் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைச் சொல்கிற அதே குரலில். நம்பர் ஏற ஏற சுரப்பி ஓவரா வேலை செய்யுதுன்னு அர்த்தம் என்று முறுக்கு விளக்கம் சொன்னது. முட்டாள். நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது சுரப்பி சுரப்பதே இல்லை, மூளைக்கு அடியிலிருந்து சுரப்பிக்குப் போகிற உத்தரவு, சுரப்பி சோம்பிக் கிடந்தால் உத்தரவு பலமாகக் கேட்கும், எண் ஏறும், சுரப்பி தலைகால் தெரியாமல் ஆடினால் மேலிடம் வாயை மூடிக்கொள்ளும், எண் இறங்கும். இதை எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அந்த ஆள் ஒரு முறுக்கை நீட்டுவான். பக்கத்து நாற்காலியில் வசுமதி மடியில் ஃபைலும், அதன்மேல் வெந்நீர் ஃபிளாஸ்க்கும், அதன்மேல் இரண்டு கைகளுமாக உட்கார்ந்திருந்தாள். ஃபேன் நேரா அடிக்குதே, இந்தப் பக்கம் மாறி உட்காருறீங்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஃபேன் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவள் கவலைப்பட்டதே கிடையாது.

அவருடைய டி.எஸ்.எச். 0.02. பக்கத்தில் இயல்பு அளவு 0.4 முதல் 4.0 வரை என்று போட்டிருந்தது. சுரப்பி நிஜமாகவே சுரக்கிற டி4 எதிர்ப் பக்கமாக ஏறி நின்றது, 1.8க்குள் இருக்க வேண்டியது 2.9. இரண்டும் தடித்த எழுத்தில். ஒரு கல்லூரியில் தலை நரைக்கும்வரை புள்ளியியல் நடத்திய ஆளுக்கு இயல்பு அளவு என்றால் என்னவென்று எந்த டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயில்லாதவர்கள் என்று நம்பப்படுகிறவர்களைப் பிடித்து, ரத்தம் எடுத்து, எண்களை வரிசையில் நிறுத்தி, கீழே இரண்டரை சதவீதம் மேலே இரண்டரை சதவீதம் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் மிஞ்சியதற்கு இயல்பு என்று பெயர் வைக்கிறார்கள். யார் அந்த ஆட்கள் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். விடிந்ததும் பூங்காவில் வட்டமாக நின்று கையைத் தட்டிச் சிரிக்கிறவர்கள். ரோஜாப்பூவில் காலை வணக்கம் எழுதி அனுப்புகிறவர்கள். பஃபே வரிசையில் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். சம்பந்தி ஆவுடையப்பன். அவர்களுடைய ரத்தம்தான் அளவுகோல், அதற்குள் வந்தால் நீ சரி. அதனால் குடியிருப்பு நலச்சங்கம் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமின் ரிப்போர்ட் வந்து, அந்த இரண்டு தடித்த எண்களைப் பார்த்தபோது அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வெட்கக்கேடு, ஒரு சின்னப் பெருமிதம் வந்தது. வெட்டி எறிந்த இரண்டரையில் நான் இருக்கிறேன். வேலியோரமாகக்கூட இல்லை, வேலியைத் தாண்டி ரொம்ப தூரத்தில். அப்புறம்தான் நெஞ்சு படபடக்கிறதோ என்று கையை வைத்துப் பார்த்தார், வைத்துப் பார்த்ததால் படபடத்தது, அன்று ராத்திரி முழுக்கப் படபடத்தது. வசுமதி ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகத்தில் வந்ததைத்தான் அவரால் இன்னும் சரியாக வகைப்படுத்த முடியவில்லை. கவலைதான், ஆனால் கவலைக்கு அடியில் ஒரு தளர்வு, ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டு நின்ற பையைக் கீழே வைக்க ஒருவழியாக இடம் கிடைத்த மாதிரி.

அவளுக்கு அதுவரை இல்லாத ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. அவருக்குத் தைராய்டு, அதான். அந்த அதான் எவ்வளவு தூரம் போகிறது. மாடிவீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டாருக்காக அவர் கத்தியது, அதான். அவளுடைய தம்பி புதுக் கார் எடுத்து வந்து வாசலில் ஹார்ன் அடித்தபோது அவர் வெளியே வராமல் பேப்பர் படித்தது, அதான். எல்லாவற்றுக்கும் மேல் முடிச்சூர். மாப்பிள்ளையின் புதுமனைப் புகுவிழாவில் சம்பந்தி ஆவுடையப்பன், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், வந்தவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய் டைல்ஸ் எந்த ஊரிலிருந்து வந்தது, குழாயைத் தூக்கினால் வெந்நீர் எந்தப் பக்கம், எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் கொஞ்சம் நடுங்கியது, சந்தோஷத்தில். தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. செருப்பு வைக்க ஆள் உயர அலமாரி, புத்தகம் வைக்க ஒரு சாணுக்கு இடம் இல்லை என்றார். சிலர் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தியும் சிரித்து, நமக்குப் படிக்கிற வழக்கம் இல்லீங்க சார் என்று சொன்னார், அந்தப் பணிவுதான், அந்தப் பணிவில் இருந்த நிம்மதிதான் அவரைக் கிளறிவிட்டது. 'உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் சார் எங்களால சராசரியைப் பாடம் நடத்த முடியுது' என்றார். நல்ல வாக்கியம். அதன் வடிவம் இன்றைக்கும் அவருக்குப் பிடித்திருந்தது, அதுதான் கேவலம். ஆவுடையப்பனுக்கு அது முழுதாகப் புரியவில்லை, புரிந்த மட்டும் போதுமாக இருந்தது, கையைக் கூப்பியபடி சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். சாருலதாவுக்கு முழுதாகப் புரிந்தது, அப்பாவின் மகள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் மட்டும் பேசினாள். போனில் பின்னாலிருந்து அவர் செருமினால் பேச்சைச் சுருக்கினாள். ரிப்போர்ட் வந்த அன்று வசுமதி அந்த வாக்கியத்தை முடிச்சூருக்கும் அனுப்பினாள். மறுநாள் காலை அவருடைய போனே அடித்தது. 'அப்பா, எங்ககிட்ட ஏன்ப்பா முன்னாடியே சொல்லல' என்றாள் சாருலதா, அழுதிருந்தாள். என்ன சொல்வது, ஒரு சுரப்பி தன்னைப் பற்றி முன்னாடியே எப்படிச் சொல்லும். உடம்பைப் பாத்துக்கோங்க, நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோம், மாமாவும் வர்றேங்கிறாரு என்றாள். மாமாவும். அந்த மனுஷனும் நோயாளியைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வருகிறார். மன்னித்துவிட்டார். மன்னிப்பதற்கு எப்போதும் தயாராக இருக்கிறவர்கள் மேல்தான் அவருக்கு அதிக எரிச்சல்.

பதினெட்டும் பத்தொன்பதும் போனார்கள். இடது பக்கம் காலியான நாற்காலியில் மணப்பாறையிலிருந்து வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், நாற்பது வயது இருக்கும். அண்ணே, நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது, இது நல்லதா கெட்டதா பாத்துச் சொல்லுங்க என்று தாளை நீட்டினாள். 4.6. தடித்த எழுத்து. இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டு, வசுமதி பார்த்துக்கொண்டிருந்ததால் பொறுமையாக, எல்லை நாலு, நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்க, நோயில்லாத நூறு பேரை வரிசையா நிறுத்தினாலும் அஞ்சு பேர் இப்படி வெளிய விழத்தான் செய்வாங்க, இது வியாதின்னு அர்த்தம் இல்லை, டாக்டர் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாக்கச் சொல்லலாம் என்றார். வகுப்பில் இதைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பெண் எழுதிக்கொள்ளவில்லை, தாளை வாங்கி அந்த எண்ணையே பார்த்தாள். 'அந்த அஞ்சு பேருல நான் ஏண்ணே விழணும்?' என்றாள். எவ்வளவு மட்டமான கேள்வி, பரவல் என்றால் என்னவென்றே தெரியாத கேள்வி, என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே அதற்குப் பதில் தேடினார், எந்தப் பாடப்புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்தார். ரத்தம் எடுக்கிற அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு, கோணலாக, ஒரு மூலையில் மட்டும் டேப் பிய்ந்து தொங்கிக்கொண்டு. நேராக ஒரு தாளை ஒட்டத் தெரியாதவர்கள் நரம்பில் ஊசி போடுகிறார்கள் என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் படித்தார். முடி, நகம் வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லவும். தைராய்டு அளவுகள் தவறாகக் காட்டும். படித்துவிட்டு, வாசகத்தில் கமா சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி படித்தார். காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி கூடத்தின் சத்தமெல்லாம் தள்ளிப் போனது, முறுக்கு மட்டும் பக்கத்தில் நொறுங்கியது.

மாதிரியெடுப்புக் கோட்பாடு என்ற தலையணைப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்த மாத்திரை டப்பா. வீட்டில் யாரும் தொடாத புத்தகம். ஊரில் தெரிந்த கடையில் வாங்கக் கூச்சப்பட்டு, பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையில், பெண்ணுக்கு வேணும் என்று பொய் சொல்லி வாங்கியது. நலச்சங்கத்தின் போன ஆண்டுவிழாவில் எவனோ பின்னாலிருந்து எடுத்த போட்டோவில் அவருடைய உச்சந்தலை வந்திருந்தது, ஒரு குழம்புக் கரண்டி அளவுக்கு வெறிச்சென்று, விளக்கு வெளிச்சம் அதில் விழுந்து மின்னியது. மற்றவர்கள் எல்லாரும் இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறார்கள், அவர் மட்டும் பார்த்ததில்லை. இயற்பியல் பால்ராஜ் மையைப் பூசிக்கொண்டு வந்த அன்று, சார் தலையில தார் ரோடு போட்டிருக்கார், ஒரு வாரத்துக்கு வண்டி போகக் கூடாது என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கச் சொன்ன அதே வாய்தான் தினமும் விடிகாலையில் நடைக்குக் கிளம்புமுன் அந்த மாத்திரையை விழுங்குகிறது. முகாம் நடந்த அன்றும் விழுங்கியது. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், அவர் விதிமுறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறவர், மாத்திரை சாப்பாடு இல்லையே. ஆக 0.02 அவருடைய எண்ணே இல்லை. 2.9ம் இல்லை. அது டப்பாவின் எண். டப்பாவை எடுத்துவிட்டால் அவர் எங்கே நிற்பார், 0.4க்கும் 4.0க்கும் நடுவில் எங்கேயோ, ஒருவேளை ஆவுடையப்பனுக்கு அடுத்த நாற்காலியில், கூட்டத்தில் ஒருவராக. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும், யாராவது சொல்லுங்கள், நோய் இல்லை என்பதற்கு மனுஷன் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா. சுரப்பி சரியாக இருந்தால் முடிச்சூரில் பேசியது யார். ஆரோக்கியமான ஒரு ஆள், ஆரோக்கியமான ரத்தத்தோடு, முழு நினைவோடு, கை கூப்பிக்கொண்டு நின்ற ஒருத்தரிடம் அதைச் சொல்லியிருக்கிறான், சொல்லிவிட்டு வாக்கியம் நன்றாக வந்ததே என்று ரசித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சோடு வருகிறவர்கள் எந்த நோயாளியைப் பார்க்க வருவார்கள். சொல்லாமல் இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் இந்த டாக்டர் சுரப்பியை அடக்குவதற்கு மருந்து எழுதுவார், ஒரு தப்பும் செய்யாத சுரப்பி, அதை அடித்து உட்கார வைப்பார்கள், பிறகு நிஜமாகவே எண் கெட்டுப்போகும், நிஜமாகவே நோய் வரும், ஒருவழியாகப் பொய் உண்மையாகிவிடும். இதைக்கூட யோசிக்கிற அளவுக்கு நான் கேவலமா என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றுதான் வந்தது. வசுமதி ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தார். அவளும் அந்த அறிவிப்புப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடி நெற்றியில் இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தூரத்து எழுத்து நன்றாகத் தெரியும். தெரிந்தால் என்ன, அவளுக்கு டப்பாவைப் பற்றித் தெரியாது. இருபத்திரண்டு என்று குரல் வந்தது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், மேசையில் பிளாஸ்டிக் கழுத்து ஒன்று, அதிலும் பட்டாம்பூச்சி. தெய்வசிகாமணி இகழ்வாக ஏதாவது தேடினார், மனம் ஓடவில்லை. டாக்டர் எழுந்து பின்னால் வந்து, இரண்டு கை விரலாலும் கழுத்தைத் தடவி, எச்சில் முழுங்கச் சொன்னார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி, நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார், நடுக்கம் இருந்தால் தாள் ஆடுமாம். ஆடவில்லை. ஆடேன் சனியனே என்று அவர் அந்தத் தாளைப் பார்த்து நினைத்தது அவருக்கே கேட்டது. எடை குறைஞ்சிருக்கா, வியர்க்குதா, பசி ஜாஸ்தியா என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் வசுமதி முந்திக்கொண்டு, ஆமா டாக்டர், கோபம் ரொம்ப வருது, ராத்திரி தூங்குறதில்லை, மனுஷங்களைக் கண்டாலே பிடிக்கிறதில்லை என்று சொன்னாள், ஒவ்வொன்றையும் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரி. டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு முறை, அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

"நம்பருக்கும் ஆளுக்கும் பொருந்தலையே. வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா சார்? சத்து மாத்திரை, அந்த மாதிரி?"

"இல்லீங்க டாக்டர்," என்றாள் வசுமதி. "முடிக்குன்னெல்லாம் எதுவும் சாப்பிடலை."

முடியைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. அந்த அறையில் யாருமே முடியைப் பற்றிப் பேசவில்லை. தெய்வசிகாமணி திரும்பி அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மடல் சிவந்திருந்தது. யாரும் தொடாத புத்தகத்தைத் தூசி தட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். டப்பா தெரியும். அறிவிப்பும் படித்துவிட்டாள். படித்துவிட்டுத்தான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். இவள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை, பொய் சொல்லத் தெரியாதவள் என்று அதற்காகவும் அவளைக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்து வைத்திருந்தார். நோயுள்ள ஒரு புருஷனுக்காக, சுரப்பி கெட்டுப்போன ஒரு புருஷனுக்காக, அவள் தன் முதல் பொய்யை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"சாப்பிடுறேன் டாக்டர்," என்றார். "பயோட்டின். தினமும். முடி கொட்டுதுன்னு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார், நல்லவிதமாகத்தான். அதான் பாத்தேன், டெஸ்ட் பண்ற கிட்லயே அந்த மாத்திரை புகுந்து குழப்பும், டி.எஸ்.எச்.சைக் குறைச்சும் டி4ஐக் கூட்டியும் காட்டும், உடம்புல ஒண்ணும் நடந்திருக்காது, இதுக்கு நான் மருந்து எழுதியிருந்தா உங்களுக்கு வேண்டாத வேலை ஆயிருக்கும் என்றார். மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார். ரெண்டு மூணு நாள் போகட்டும், ஞாயித்துக்கிழமை காலையிலயும் இங்க லேப் உண்டு, வந்து ரத்தம் குடுங்க, நார்மலாத்தான் வரும், பயப்படாதீங்க என்றார்.

"அப்ப இவருக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் வசுமதி. டாக்டருக்கு அந்தக் குரல் புரியவில்லை, சந்தோஷத்தில் நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று நினைத்து, ஒண்ணுமே இல்லைம்மா என்று மறுபடியும் உறுதியாகச் சொன்னார்.

கூடத்தைக் கடந்து வெளியே வந்தார்கள். மணப்பாறைப் பெண் என்னண்ணே சொன்னாங்க என்று கண்ணால் கேட்டாள், அவர் தலையை மட்டும் ஆட்டினார், நல்லது என்றோ கெட்டது என்றோ எடுத்துக்கொள்ளும்படி. வெயில் ஏறியிருந்தது. ஸ்கூட்டர் சீட் சுட்டது, துடைக்கிற துணியை எடுத்துத் துடைத்தார், தூசி இல்லாத இடத்தையும் துடைத்தார். சாருவிடம் யார் சொல்வது என்று கேட்க வேண்டும். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்க வேண்டும். என்னோடு எப்படி இருந்தாய் என்று கேட்க வேண்டும். இதில் எதைக் கேட்டாலும் வாக்கியம் நன்றாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது. வசுமதி ரிப்போர்ட்டை ஃபைலுக்குள் வைத்து, ஃபைலைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வழக்கத்தில் இல்லாதபடி அவர் தோளில் கையை வைத்தாள்.

"ரத்தம் திங்கக்கிழமை குடுத்தாப் போதும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை அவங்க வந்துட்டுப் போகட்டும்."

அவர் சாவியைத் திருகவில்லை. "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உங்களுக்கு உடம்பு சரியில்லை."